பச்சை விளக்கு சொன்ன பொய்

அத்தியாயம் 5

பயம் வந்தால் காந்தனுக்கு வாய் நிற்காது. சிம்பாங் அம்பாட் சந்தியைத் தாண்டி, எண்ணெய் எடுக்கும் செம்பனை மரங்களுக்கு நடுவே போகும் மண்பாதையில் அவனுடைய பழைய கான்சில் கார் இறங்கியதிலிருந்து அவன் பேசிக்கொண்டேதான் வந்தான்.

"ஒரு ஸ்க்ரூடிரைவர் காணோம்னு இவ்வளவு தூரம் வர்ற ஆளுங்க நாம ரெண்டு பேருதான் அக்கா. என் வீட்லயும் ஒண்ணு காணோம். அதுக்கு எப்ப போறோம்?"

"ரோட்டப் பாரு" என்றார் பவானேஸ்வரி.

"எங்க ரோடு? சேறுதான் இருக்கு."

பவானேஸ்வரி சிரிக்கவில்லை. இன்சூரன்ஸ் கம்பெனியில் இருபது வருடம் பொய் விபத்துகளைப் பிடித்துக் கொடுத்துவிட்டு, இப்போது மலாக்கா டவுனில் சொந்தமாகத் துப்பறியும் ஆபீஸ் வைத்திருப்பவர். காந்தன் அவருக்கு டிரைவர், டைப்பிஸ்ட், போட்டோகிராபர் எல்லாம். சம்பளம் மட்டும் ஒரு ஆளுக்கு.

பாயா ரும்புட்டைச் சேர்ந்த விமலன் காணாமல் போய் இன்றோடு மூன்று நாள். திங்கட்கிழமை காலையில் மோட்டார் சைக்கிளில் கிளம்பியவர் திரும்பவில்லை. போன் அணைந்து கிடக்கிறது. மோட்டார் சைக்கிள் மட்டும் டுரியான் துங்கால் அணைக்கட்டு ஓரம் கிடைத்தது. தண்ணீரில் விழுந்துவிட்டார் என்று ஊர் பேசியது. அவர் மனைவி மலர்விழி மட்டும் அதை நம்பவில்லை. இன்று காலை பவானேஸ்வரியை வீட்டுக்கே அழைத்துப் போய் விமலனின் பட்டறையைத் திறந்து காட்டினாள்.

முப்பது நாற்பது வருடத்துக்கு முந்தைய வீடியோ கேம் பெட்டிகள் எல்லாம் எப்போதோ குப்பைக்குப் போய்விட்டன. அவற்றின் கன்ட்ரோலர்களை வைத்துத்தான் விமலன் பிழைத்தார். ஒயரை வெட்டி எடுத்துவிட்டு, உள்ளே விரல்நகம் அளவில் ஒரு புளூடூத் பலகையைப் பொருத்துவார். அதன் பிறகு அந்தக் கிழட்டுச் சாமான் கைப்பேசியோடும் பேசும், கம்ப்யூட்டரோடும் பேசும். பல்கலைக்கழகப் பிள்ளைகள் ரோபோ ஓட்டுவதற்கு அவரிடம் வாங்கிப் போனார்கள். ஒரு கல்யாண போட்டோகிராபர், மண்டபத்துக் கூரையில் கட்டிய கேமராவைக் கீழே இருந்தே இயக்க ஒன்று வாங்கியிருந்தார். ஆனால் விமலன் ஆசையோடு செய்தது கை கால் விளங்காதவர்களுக்குத்தான்.

"புதுசுல பொத்தான் இருபது இருக்கும், பழசுல பிளஸ் ஒண்ணு, வட்டம் ரெண்டு, நடுவுல ஒண்ணு, அவ்வளவுதான். அமுக்கினா விரலுக்கு டக்குன்னு தெரியும். கை நடுங்குறவங்களுக்கு அதான் வேணும்னு சொல்லுவாரு" என்றாள் மலர்விழி. சொல்லும்போதே அழுதுவிட்டாள்.

பட்டறைச் சுவரில் ஒவ்வொரு கருவிக்கும் ஓர் ஆணி. ஓர் ஆணி காலி. அதில் தொங்க வேண்டியது, நுனியில் மூன்று காது வைத்த ஒரு குட்டி ஸ்க்ரூடிரைவர். அது ஒரே ஒரு மாடல் கன்ட்ரோலரைத்தான் திறக்கும். அந்த மாடலில் விமலன் செய்து கொடுத்ததும் ஒன்றே ஒன்றுதான். சிம்பாங் அம்பாட்டில் வாதம் வந்து படுத்துவிட்ட அங்கமுத்து என்ற முன்னாள் லாரி டிரைவருக்கு.

"சாகப் போறவன் ஸ்க்ரூடிரைவர் எடுத்துட்டுப் போவானா?" என்று பவானேஸ்வரி கேட்டார். அதோடு கிளம்பிவிட்டார்கள்.

பாதை ஒரு பழைய பலகை வீட்டின் முன்னால் முடிந்தது. ஆள் உயர சிமெண்ட் தூண்களின் மேல் நின்ற வீடு. தூண்களுக்கு நடுவே நான்கு பக்கமும் தகரம் அடித்து மறைத்திருந்தார்கள். பக்கத்தில் வேறு வீடே இல்லை. மணி நாலுதான் ஆகிறது, ஆனால் மழை இருட்டிக்கொண்டு வந்தது.

"அக்கா, காடியைத் திருப்பி நிறுத்தட்டுமா? ஓடுறதுக்கு வசதியா இருக்கும்."

"எதுக்கு ஓடணும்?"

"தெரியல. என் காலு கேக்குது."

படியில் ஒருவன் நின்றான். நாற்பது வயது இருக்கும். சலவைச் சட்டை, நெற்றியில் திருநீறு, நல்ல சிரிப்பு. அங்கமுத்துவின் தங்கை மகன் ஜெயமணி. ஆறு மாதமாக மாமாவைப் பார்த்துக்கொள்வது அவன்தான்.

"விமலன் அண்ணனா? பேப்பர்ல பார்த்தேன். பாவம்லா. இங்க வந்து ரெண்டு மாசம் இருக்கும்கா."

"ஐயாவைப் பார்க்கலாமா?"

ஒரு கணம் யோசித்தான். பிறகு வழி விட்டான். "தாராளமா. ஆளு வந்தா மாமா சந்தோஷப்படுவாரு."

வாசற்படி ஓரம் செம்பனைக் குலை வெட்டும் அரிவாள், நீளக் கழியோடு சாய்த்து வைத்திருந்தது. அரிவாளின் விளிம்பு புதிதாகத் தீட்டிப் பளபளத்தது. காந்தன் அதைச் சுற்றிக்கொண்டு நடந்தான்.

அறையில் மோட்டார் வைத்த ஆஸ்பத்திரிக் கட்டில். அதில் அங்கமுத்து கிடந்தார். ஒரு காலத்தில் பெரிய உடம்பாக இருந்திருக்க வேண்டும். இப்போது கண்ணும் வலது கட்டைவிரலும்தான் அசைந்தன. கழுத்தைக்கூடத் திருப்ப முடியாது. அந்தக் கட்டைவிரலுக்குக் கீழே, ஒரு மரப்பலகையில் திருகி வைத்த சாம்பல் நிறக் கன்ட்ரோலர். ஒற்றை விரலுக்கு எட்டுகிற மாதிரி பொத்தான்களை எல்லாம் நெருக்கி வைத்திருந்தார் விமலன்.

"பிளஸ் பொத்தானை மேல அமுக்கினா கட்டிலோட தலைப்பக்கம் ஏறும், கீழ அமுக்கினா இறங்கும்" என்று ஜெயமணி விளக்கினான். "வலது வட்டம் ஆமா. பச்சை லைட் எரியும். இடது வட்டம் இல்ல. சிவப்பு எரியும்."

விளக்குப் பெட்டி அங்கமுத்துவின் தலைக்கு மேலே, பின்சுவரில் இருந்தது. கால்மாட்டில் நின்ற காந்தனுக்கு நன்றாகத் தெரிந்தது.

எதிர்ச் சுவரில் ஒரு கோயில் காலண்டர், கட்டிலில் படுத்திருப்பவர் பார்வைக்கு நேராக மாட்டியிருந்தது. அதில் நாளைய தேதியைச் சுற்றி வட்டம். பவானேஸ்வரி காலண்டர் தாளைத் தூக்கிப் பார்த்துவிட்டு விட்டார்.

"நாளைக்கு என்ன விசேஷம் தம்பி?"

"வக்கீல் வராருக்கா" என்று குரலைத் தாழ்த்தினான். "மாமா இந்த நாலு ஏக்கரையும் எனக்கு எழுதித் தராரு. நான் வேணாம்னுதான் சொன்னேன். வக்கீல் முன்னாடியே பச்சை போட்டுட்டாரு. நாளைக்கு இன்னொரு தடவை போட்டா முடிஞ்சிரும்."

பவானேஸ்வரி நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து நோட்டைத் திறந்தார். கேள்வி கேட்கும்போது அவர் பதிலைத் திரும்பச் சொல்ல மாட்டார், முகத்திலும் ஒன்றும் காட்ட மாட்டார். எழுதிக்கொண்டு அடுத்த கேள்விக்குப் போய்விடுவார். காந்தனும் அந்த நேரத்தில் வாயைத் திறக்கக் கூடாது என்பது சட்டம்.

"ஐயா, இந்த வாரத்துல விமலன் இங்க வந்தாரா?"

கட்டைவிரல் அழுத்தியது. சிவப்பு.

"மருமகன் உங்கள நல்லா பார்த்துக்கிறாரா?"

பச்சை.

"உங்களுக்கு எதாச்சும் பயம் இருக்கா ஐயா?"

சிவப்பு.

"இந்த வீட்ல நீங்க ரெண்டு பேரத் தவிர வேற யாராச்சும் இருக்காங்களா?"

சிவப்பு. விரல் பொத்தானை விடவே இல்லை. விளக்கு எரிந்துகொண்டே இருந்தது. அங்கமுத்துவின் கண்கள் பவானேஸ்வரியின் முகத்தைத் துளைத்துக்கொண்டிருந்தன. அந்தப் பார்வை காந்தனுக்குப் பிடிக்கவில்லை. விளக்கு ஒன்று சொல்கிறது, கண் வேறு ஒன்று சொல்கிறது என்று தோன்றியது. என்னவென்று பிடிபடவில்லை.

அதே நேரம் மழை கொட்ட ஆரம்பித்தது. தகரக் கூரையில் யாரோ மூட்டை மூட்டையாகக் கல்லைக் கொட்டுவது போல இரைச்சல். ஜெயமணி கதவு நிலையில் சாய்ந்து நின்றான். நிலை முழுவதையும் அடைத்துக்கொண்டு நிற்பதாகக் காந்தனுக்குப் பட்டது.

அவ்வளவுதான், வாய் திறந்துகொண்டது.

"ஐயா, நானும் ஒரு கேள்வி கேக்கறேன். வெளியில மழை பெய்யுதா?"

சிவப்பு எரிந்தது.

"என்னாது, மழை இல்லையா?" காந்தன் சிரித்தான். "அப்ப மேல என்னா ஐயா சத்தம்?"

யாரும் சிரிக்கவில்லை. பவானேஸ்வரியின் பேனா நின்றுபோயிருந்தது. அங்கமுத்துவின் கண்கள் மெல்லப் பெரிதாகி, கூரையைப் பார்த்து, காந்தனைப் பார்த்தன. ஓரத்தில் நீர் கோத்து காதுப் பக்கமாக வழிந்தது.

"மாமாவுக்கு இப்பல்லாம் புத்தி கொஞ்சம் தடுமாறுது" என்றான் ஜெயமணி. முகத்தில் சிரிப்பு அப்படியேதான் இருந்தது. குரலில் இல்லை.

"வயசாயிடுச்சுல்ல" என்றார் பவானேஸ்வரி. நோட்டை மூடினார். எழுந்துகொண்டே, தனக்குத்தானே அலுத்துக்கொள்வது போலச் சொன்னார்: "இந்த விமலன் எங்கதான் போய்த் தொலைஞ்சாரோ, யாருக்குத் தெரியும்."

கட்டில் மோட்டார் உறுமியது. தலைப்பக்கம் மெதுவாக இறங்கியது. பாதியில் நின்றது. மறுபடி இறங்கியது. மட்டத்துக்கு வந்த பிறகும் விரல் அழுத்திக்கொண்டே இருந்தது. இறங்க இடமில்லாமல் மோட்டார் முனகியது.

"தூக்கம் வருது அவருக்கு. நீங்க கிளம்புங்கக்கா" என்றான் ஜெயமணி.

"சரி தம்பி, ரொம்ப நன்றி. காந்தன், வாங்க, போகலாம்."

காந்தன் அவரைத் திரும்பிப் பார்த்தான். ஐந்து வருடத்தில் அக்கா அவனை 'வாங்க' என்று சொன்னதே இல்லை.

இருவரும் நனைந்துகொண்டே படியிறங்கினார்கள். ஓடாதே, நட என்று பவானேஸ்வரி உதடு அசையாமல் சொன்னார். காரில் ஏறிக் கதவைப் பூட்டியதும் கைப்பேசியை எடுத்தார். ஒரே ஒரு கோடு சிக்னல். போலீஸுக்கு மலாயில் சுருக்கமாகச் சொல்லி, இடம் சொல்லி வைத்தார்.

"அலோர் காஜாவிலிருந்து வரணும். இருபது நிமிஷமாம்."

"என்னக்கா நடக்குது?"

"மழை பெய்யுது. அவரு ஆமான்னு அமுக்கினாரு. விளக்கு இல்லன்னு எரிஞ்சுது." பவானேஸ்வரி கண்ணாடி வழியாக வீட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். "அந்தக் காலத்து கேம்ல ஒரு வட்டம் குதிக்க, இன்னொண்ணு சுட. சிலருக்கு மாத்தி இருந்தாதான் கை வரும். அதுக்காக விமலன் தன்னோட கன்ட்ரோலர் எல்லாத்துலயும் ரெண்டையும் மாத்திக்கிற வசதி வச்சிருக்காரு. நடு பொத்தானை அஞ்சு செகண்ட் அமுக்கிப் பிடிச்சா போதும். பட்டறையில எழுதி ஒட்டியிருந்துச்சு, நீ பார்க்கல."

"பெரியவருக்கு அது தெரியாதா?"

"விளக்கைப் பார்த்தாதான தெரியும்? காலண்டருக்குப் பின்னால ரெண்டு ஸ்க்ரூ ஓட்டை இருக்கு. பெட்டி முன்னாடி அங்கதான் இருந்திருக்கு, அவரு கண்ணுக்கு நேரா. அதைக் கழட்டித் தலைக்கு மேல மாட்டியிருக்கான். வக்கீல் நிலத்தை எழுதித் தர்றீங்களான்னு கேட்டப்ப, அந்த மனுஷன் இல்லன்னுதான் அமுக்கியிருப்பாரு."

காந்தன் நான்கு கேள்விகளையும் மனதுக்குள் திருப்பிப் போட்டான். விமலன் வந்தாரா? வந்தார். மருமகன் நன்றாகப் பார்க்கிறானா? இல்லை. பயம் இருக்கிறதா? இருக்கிறது. வீட்டில் வேறு யாராவது?

"அக்கா" என்றான். "உள்ள இருக்காரா?"

"நீ மழை இல்லையான்னு வாய்விட்டுக் கேட்டதும் பெரியவருக்குப் புரிஞ்சிருச்சு. அதுக்கப்புறம் வட்டப் பொத்தானை அவரு நம்பல. எங்கன்னு நான் கேட்டப்ப கட்டிலால பதில் சொன்னாரு. கீழ, கீழ, கீழன்னு."

இருவரும் தூண்களுக்கு நடுவே இருந்த தகரத்தைப் பார்த்தார்கள். அதில் ஒரு கதவு. கதவில் பெரிய பூட்டு. சற்று முன்பு அதற்கு நேர் மேலேதான் காந்தன் நின்றிருந்தான்.

"பெரியவருக்குப் புரிஞ்சா" என்று காந்தன் மெல்லச் சொன்னான், "அவனுக்கும் புரிஞ்சிருக்கும்ல?"

ஜெயமணி படியில் இறங்கி வந்தான். சிரிப்பு இல்லை. ஒரு கையில் சாவி. இன்னொரு கையில் கழியிலிருந்து கழற்றிய அரிவாள். கார் நிற்பதைப் பார்த்தான். நேராக இவர்களை நோக்கி வருவான் என்று காந்தன் நினைத்தான். வரவில்லை. வீட்டுக்கு அடியில், அந்தத் தகரக் கதவை நோக்கித் திரும்பினான்.

இருபது நிமிஷம் என்றார்கள். இரண்டு நிமிஷம் கூட ஆகவில்லை.

பவானேஸ்வரி கார்க் கதவைத் திறக்கக் கை வைத்தார். அதற்குள் காந்தன் காரைக் கிளப்பிவிட்டான். யோசிக்கவில்லை. யோசித்திருந்தால் எதிர்த் திசையில்தான் போயிருப்பான். டயர் சேற்றில் வழுக்கியது, ஒரு முறை சுற்றியது, பிடித்தது. கான்சில் வாலை ஆட்டிக்கொண்டு வீட்டை நோக்கிப் பாய்ந்தது. ஜெயமணி சாவியைப் பூட்டுக்குள் விட்டுவிட்டான். ஹாரன் சத்தத்துக்குத் திரும்பியவன் பக்கவாட்டில் தாவி விழுந்தான். காரின் மூக்கு தகரக் கதவில் மோதி, அதை நசுக்கி அழுத்திக்கொண்டு நின்றது.

இனி யாரும் அந்தக் கதவைத் திறக்க முடியாது.

உள்ளேயிருந்து தகரத்தை யாரோ உதைத்தார்கள். ஒரு தடவை. இன்னொரு தடவை.

"உயிரோட இருக்காரு!" என்று கத்தினார் பவானேஸ்வரி. "பிரேக்க விடாத!"

முதல் வெட்டு முன்கண்ணாடியில் விழுந்தது. கண்ணாடி முழுவதும் சிலந்திக்கூடு போல் விரிசல் ஓடியது. இரண்டாவது வெட்டில் உடைந்து மடியில் கொட்டியது. மழையும் அரிவாளும் சேர்ந்து உள்ளே வந்தன. காந்தன் இருக்கையோடு சரிந்து கிடந்தான். கால் பிரேக்கில், கை ஹாரனில். கண்ணை இறுக மூடிக்கொண்டு அம்மா, அம்மா என்று சொல்வது தன் வாய்தான் என்பது அவனுக்கே பிறகுதான் தெரிந்தது. தோள்பட்டையில் ஏதோ சுரீரென்றது.

"ஜெயமணி!" பவானேஸ்வரியின் குரல் நடுங்கியது. ஆனாலும் நிற்கவில்லை. "வக்கீல் இனி வரமாட்டாரு! நிலம் உனக்குக் கிடையாது! போலீஸ்கிட்ட உன் பேரு போயாச்சு. இப்ப நீ யாரக் கொன்னாலும் தூக்குதான் மிச்சம். ஓடுறதுன்னா இப்பவே ஓடு!"

அரிவாள் தலைக்கு மேல் நின்றது. காந்தன் கண்ணைத் திறந்தான். மழையில் நெற்றித் திருநீறு கரைந்து ஓடிய அந்த முகத்தில், தன்னிடம் இருப்பதைவிட அதிகமான பயத்தைப் பார்த்தான். ஜெயமணி அரிவாளைப் போட்டுவிட்டுச் செம்பனை மரங்களுக்குள் ஓடினான்.

போலீஸ் வந்தபோது மழை தூறலாகியிருந்தது. ஜெயமணியைப் பாதை முனையிலேயே பிடித்துவிட்டதாகச் சொன்னார்கள். காரைப் பின்னால் தள்ளி, கதவைக் கடப்பாரையால் நெம்பித் திறந்தார்கள். உரமூட்டைகளுக்கு நடுவே கை கால் கட்டப்பட்டு, வாயில் டேப் ஒட்டப்பட்டு விமலன் கிடந்தார். தலையில் காய்ந்த ரத்தம். டேப்பைப் பிரித்ததும் தண்ணீர் கேட்பார் என்று நினைத்தான் காந்தன்.

"ஐயாவ எதாச்சும் செஞ்சிட்டானா?" என்றார் விமலன்.

"மேல நல்லா இருக்காரு" என்றார் பவானேஸ்வரி.

அதன் பிறகுதான் தண்ணீர் குடித்தார், நடந்ததைச் சொன்னார். பச்சைப் பொத்தான் சிக்குகிறது, வக்கீல் வருவதற்குள் சரிசெய்ய வேண்டும் என்று ஜெயமணிதான் போன் பண்ணிக் கூப்பிட்டிருக்கிறான். கன்ட்ரோலரைத் திறந்ததுமே விளக்கு மாறி எரிவதை விமலன் பார்த்துவிட்டார். மாமா எதிரில் பேச வேண்டாம் என்று கீழே கூட்டி வந்து, பின்மண்டையில் அடித்திருக்கிறான். மோட்டார் சைக்கிளை லாரியில் ஏற்றி அணைக்கட்டில் கொண்டுபோய்ப் போட்டிருக்கிறான். கையெழுத்து ஆகும்வரை, கன்ட்ரோலர் மறுபடி கெட்டால் சரிசெய்ய ஆள் வேண்டுமே என்று உயிரோடு வைத்திருந்தான்.

"மொத நாளு செத்திருவேன்னுதான் நெனச்சேன்" என்றார் விமலன். "அப்புறம் மேல கட்டில் மோட்டார் சத்தம் கேட்டுச்சு. ஏறும், இறங்கும், ஏறும், இறங்கும். யாரும் அப்படி ஓட்ட மாட்டாங்க. நான் தகரத்தை உதைப்பேன், ஒடனே மோட்டார் ஓடும். மூணு நாளும் ஐயா விடவே இல்லக்கா. நான் இங்க கெடக்கிறது ஒரு ஆளுக்காவது தெரியும்ங்கிற தெம்புலதான் இருந்தேன்."

பவானேஸ்வரி மலர்விழிக்குப் போன் போட்டு விமலன் கையில் கொடுத்தார். அவர் போனைக் காதில் வைத்துக்கொண்டு மூச்சு மட்டும் விட்டார். அந்தப் பக்கம் மலர்விழிக்கு அதுவே போதுமாயிருந்தது. அவள் அலறியது காந்தனுக்கும் கேட்டது.

ஆம்புலன்ஸ்காரர்கள் விமலனை முதலில் ஏற்றப் பார்த்தார்கள். அவர் மாட்டேன் என்றுவிட்டார். அவர்கள் மேலே போய், அங்கமுத்துவைத் தூக்கி வந்து வண்டியில் படுக்க வைத்த பிறகே விமலன் ஏறி அவர் பக்கத்தில் உட்கார்ந்தார்.

காந்தன் தோளில் கட்டுப் போட்டுக்கொண்டு, கண்ணாடி இல்லாத கான்சிலை ஆம்புலன்ஸின் பின்னாலேயே ஓட்டினான். காற்றும் தூறலும் முகத்தில் அடித்தன. சந்தி வரைக்கும் நன்றாகத்தான் ஓட்டினான். சிவப்பு சிக்னலில் நின்றபோது கை ஆட ஆரம்பித்தது. ஸ்டீயரிங்கை இறுக்கிப் பிடித்தும் நிற்கவில்லை. பிறகு காலும் ஆடியது, பல்லும் அடித்துக்கொண்டது. சொல்ல ஏதாவது தேடினான். ஒன்றும் அகப்படவில்லை.

"ஓரமா நிறுத்துப்பா" என்றார் பவானேஸ்வரி. "நான் ஓட்டுறேன்."

அவன் நிறுத்தினான்.